அரைப்பேர் வாங்கிய கணக்கப்பிள்ளை

செய்தி காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் வந்தது. நான் பதுளையில் நிருபராக இருந்த காலமெல்லாம் அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் எங்கேயோ மண் சரிந்திருக்கும், அல்லது பஸ் புரண்டிருக்கும். அன்று பேசியவர் பாக்கியம் அம்மாள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். வழக்கமாக எங்கள் வீட்டு நாய் உட்பட எல்லோரையும் சுகம் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வருவார். அன்று நேரே வந்தார்.

“பேப்பர்காரய்யா, கணக்கப்பிள்ள ஐயா இன்னைக்குப் பெரட்டுக்கு வரல.”

காய்ச்சலா என்று கேட்டேன்.

“காச்சல்னா வந்திருப்பாங்களே,” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

சவரிமுத்து ஐயாவின் மரணம் எனக்கு இப்படித்தான் அறிவிக்கப்பட்டது. ஐந்தரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் இருக்க வேண்டியவர் வராததால், காத்திருந்தவர்கள் ஒன்றாக இறங்கி அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மனைவி திரேசம்மாள் குசினியில் இருந்தார். கணவர் முன்வாசலால் போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஐயா படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொன்னார். வயது எழுபத்தொன்பது. தலைமாட்டுக் கடிகாரம் அன்று அடித்ததா, இல்லையா என்பதில் வீட்டாருக்கும் பெரட்டாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதால் அதை நான் எழுதவில்லை. உறுதியாகத் தெரியாததை எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

அவரை அறியாதவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பெரட்டு என்பது விடிகாலையில் தொழிலாளர்கள் ஓரிடத்தில் கூடி, பெயர் கொடுத்து, அன்று எந்த மலையில் வேலை என்று கேட்டுப் பிரியும் கூட்டம். அந்தக் கூட்டத்தின் முன்னால் நிற்பவர் கணக்கப்பிள்ளை. முழுநாள் வேலைக்கு ஒரு பேர் விழும்; பிந்தி வந்தால் அரைப்பேர். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் மழைத் தண்ணீருக்கென்றும் சில கிலோவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பதிவதும் அவர் வேலைதான். சவரிமுத்து ஐயா இந்த வேலையை ஏறக்குறைய நாற்பது வருடம் செய்தார். அவர் வரும் சத்தம் கேட்டால் தேயிலைச் செடிகூட நிமிர்ந்து நிற்கும் என்று பாக்கியம் அம்மாள் சொல்வார். அவரை யாருக்கும் பிடிக்காது. அவர் சொன்ன கணக்கைச் சந்தேகிக்கவும் யாராலும் முடியாது.

நான் அவரை முதலில் சந்தித்தது அந்தக் கழிவு தொடர்பான ஒரு வேலைநிறுத்தத்தின்போது. பெண்கள் நிறுவைக் கொட்டகைக்கு முன்னால் கூடைகளைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒருவர் மட்டும் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கழிப்பது நியாயமா என்று கேட்டேன். “மழைக்குத் தோட்டம் சம்பளம் குடுக்காது தம்பி,” என்றார். அதை அவர் கோபத்துடன் கூறியதாக எழுதினேன். பத்திரிகை வந்த அன்று பதுளை பஸ் நிலையத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

“நான் கோபப்படல. கோபப்பட்டிருந்தா நீங்க அங்க நின்னுருக்க மாட்டீங்க. திருத்திப் போடுங்க.”

திருத்திப் போட்டோம். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துச் செய்தி எதுவானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் அனுப்பியதில்லை. மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றால் அவரிடம் பதில் இருக்கும். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் எந்த லயத்துக் கூரை முதலில் பறந்தது என்றாலும் இருக்கும்.

அறுபது வயதில் ஓய்வுபெற்று, தோட்டத்தின் அடிவாரத்தில், பஸார் பக்கமாகச் சிறிய வீடு கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் உட்கார்ந்தார். ஒரு மனிதன் ஆயுளுக்கும் நடக்க வேண்டியதைத் தான் எப்போதோ நடந்து முடித்துவிட்டதாகச் சொல்லுவார். வாசலில் நின்றால் தெரிகிற மாதா கோயிலுக்கு ஆட்டோவில் போனார். கோழிக் கூட்டைத் திறந்துவிடத் திரேசம்மாளைக் கூப்பிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடித்தார் என்பதை யாரும் எண்ணவில்லை. கோப்பையின் அடியில் கரையாத சீனி கிடந்தால்தான் அது தேத்தண்ணி என்பது அவர் கணக்கு.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது சில வருடங்களில் தெரியவந்தது. தேத்தண்ணியில் சீனி போடக் கூடாது என்றார் வைத்தியர். சவரிமுத்து ஐயா உத்தரவு என்றால் உத்தரவு என்று வாழ்ந்தவர். அன்று பின்னேரத்திலிருந்து அவருடைய தேத்தண்ணியில் ஒரு மணி சீனிகூட விழவில்லை. சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணியை இப்படிக் குடிப்பது வழக்கம். கையில் சீனியோ கித்துள் கருப்பட்டியோ இருக்கும். ஒரு மிடறு, ஒரு நக்கு. அடுத்த கிளினிக்கில் சீனி இன்னும் ஏறியிருந்தது. தேத்தண்ணியில் சீனி போடுகிறீர்களா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்று மாதாவின் பேரால் சத்தியம் செய்தார் ஐயா. பக்கத்தில் நின்ற திரேசம்மாளும் சத்தியம் செய்தார். இரண்டு சத்தியமும் உண்மை. வைத்தியர் மாத்திரையைக் கூட்டினார்.

இப்படியே காலம் போனது, ஒரு திருமண வீடு வரும்வரை. கால்களில் உணர்ச்சி மங்கிப்போயிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சப்பாத்துக்குள் ஒரு சிறு கல் கிடந்தது. அந்தக் கல்லுடனேயே பகல் முழுவதும் திருமண வீட்டில் நின்று விருந்தினரை வரவேற்றிருக்கிறார். சில வாரங்களில் வலது காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை விரலோடு நிற்காது, காலையே எடுக்க நேரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட காலைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

“உசுரு போனா போகுது தம்பி. இந்தக் கால எடுத்துட்டாங்கன்னா நான் யாரு?” என்றார்.

அந்தக் காலை வைத்துக்கொள்வதுதான் அவருடைய மிச்ச வாழ்க்கையின் வேலையாயிற்று. அறுபத்தாறு வயதில் ஒரு மனிதர் தொடங்குகிற வேலை அல்ல அது. அவர் தொடங்கிய விதமும் சரியில்லை.

முதலில் மருந்து தேடினார். மொனராகலையில் மணமுடித்துப் போயிருந்த மகள், கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பை ஒன்றை வாங்கி அனுப்பினார். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சீனி இறங்கும் என்று பலரும் நம்புகிற கோப்பை. ஐயா ஒருநாளும் தவறாமல் குடித்தார். ஆனால் காலையிலேயே சீனி இறங்கிவிடுவதால், பகலில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது என்றும் ஒரு கணக்குப் போட்டார். அவர் கணக்கில் பிழைவிட்டதாக எனக்குத் தெரிந்த முதல் சந்தர்ப்பம் அது.

பிறகு நடக்கத் தொடங்கினார். தனியாக, தடியுடன், காலை வேளைகளில். திரேசம்மாள் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார். ஆனால் அந்த நடை பஸாரில் நசீர் நானாவின் தேத்தண்ணிக் கடையோடு முடிந்தது. அங்கே கிம்புலா பணிஸ் இருந்தது. முதலை வடிவத்தில் சுட்டு, முதுகெல்லாம் சீனி தூவிய பன் ரொட்டி. நடந்து வந்த களைப்புக்கு ஒன்று சாப்பிட்டார். திரும்பி நடப்பதற்குப் பலம் வேண்டுமென்று இன்னொன்று. நடக்கத் தொடங்கிய பிறகு அவர் எடை கூடியது. கம்பளிச் சட்டையின் முன்புறத்தில் சீனி மணிகள் மினுங்குவதை ஒருநாள் கண்ட திரேசம்மாள், நேரே கடைக்குப் போய் நானாவைப் பிடித்துக்கொண்டார்.

“நான் என்னக்கா செய்ற?” என்று கேட்டாராம் நானா. “நடக்கச் செல்லி டொக்டர் செல்லியிருக்காரு. மனுசன் நடந்து வாறாரு. நடந்து வந்த மனுசன வெறுங்கையோட அனுப்பவா?”

எல்லாம் மாறியது ஒரு கிளினிக் நாளில். நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் இருந்தவர்களைத் தனித்தனியாக விசாரித்திருக்கிறேன்; முக்கியமான வார்த்தைகளில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். வெளியே மழை. ஐயா நனைந்த கம்பளிச் சட்டையுடன் தராசில் ஏறினார். தாதி எடையைச் சொன்னார். போன முறையைவிடக் கூடுதல்.

“மிஸ், சட்ட நனஞ்சிருக்கு,” என்றார் ஐயா. “ரெண்டு கிலோ கழிங்க.”

வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் கொழுந்து நிறுத்த பெண்கள். பின்னாலிருந்து பாக்கியம் அம்மாளின் குரல் வந்தது.

“மூணாக் கழிங்க மிஸ். கூடைக்கும் சேத்து.”

சிரிப்பு எங்கே தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு பெண் தரையில் உட்கார்ந்துவிட்டார். தமிழ் அதிகம் தெரியாத தாதி, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டியவர்கள் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று அதட்டினார். அது இன்னும் மோசமாக்கியது. ஐயா தராசைவிட்டு இறங்காமல் அப்படியே நின்றார். அவரும் சிரித்தார் என்று இருவர் சொல்கிறார்கள். சிரிக்கவில்லை, தும்மினார் என்கிறார் ஒருவர்.

திரும்பும் பஸ்ஸில் பாக்கியம் அம்மாளுக்கு ஐயாவுக்கு முன் இருக்கை கிடைத்தது. அம்மாளுக்கும் சீனி வருத்தம்தான். நடக்கும்படி அவருக்கும் சொல்லியிருந்தார்கள், நடக்கவில்லை. காரணம் வெட்கம். முதுகில் கூடையில்லாமல், ஒரு வேலையும் இல்லாமல் ஒரு பெண் காலையில் மேலும் கீழும் நடந்தால், புத்தி பிசகிவிட்டது என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். வாழ்நாள் முழுவதும் மலையேறியவர்களுக்குச் சும்மா நடப்பது எப்படியென்று தெரிந்திருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னாராம்:

“நடன்னா எப்புடிங்கய்யா நடக்குறது? நம்ம காலு பெரட்டுக்குத்தான் எந்திரிக்கும். பழைய களம் சும்மாதானே கெடக்கு. நாளைக்கு அஞ்சரைக்கு வாங்க. பேர் கூப்புடுவோம், நடப்போம்.”

கூப்பிடப்போவது தான்தான் என்று ஐயா எடுத்துக்கொண்டார். வேறு விதமாக எடுத்துக்கொள்ள அவருக்குக் காரணம் இருக்கவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து பழைய காக்கிக் கால்சட்டையைத் தேடினார். தேடியதில் நேரம் போயிற்று. கிடைத்த பிறகு அது இடுப்பில் ஏறவில்லை. வேறொன்றை மாட்டிக்கொண்டு களத்துக்குப் போனபோது, அவர் வழக்கமாக நிற்கும் படிக்கட்டின் மேல் பாக்கியம் அம்மாள் நின்றார். கீழே ஏழெட்டுப் பெண்களும் இரண்டு கிழவர்களும். பெயர்கள் கூப்பிட்டு முடிந்திருந்தன.

“கணக்கப்பிள்ள ஐயா அரப்பேரு,” என்றார் பாக்கியம் அம்மாள்.

“யாருக்கு அரப்பேரு?”

“பிந்தி வந்தவங்களுக்கு.”

“நான் நாப்பது வருசம் அந்தப் படியில நின்னவன், பாக்கியம்.”

“அதான் சொல்றேன். நீங்க போட்ட சட்டம் உங்களுக்கே தெரியலன்னா எப்புடி?”

ஐயா திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். பாக்கியம் அம்மாள் அன்று நடக்கும்போது முழு வழியும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாராம். வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது, அந்தக் கால் போனால் பாவம் தன் தலையில்தான் என்று. ஐயாவோ இரவுச் சாப்பாட்டின்போது திரேசம்மாளிடம், அரைப்பேருக்கு மனசு இப்படியா வலிக்கும் என்று கேட்டார். தனக்குத் தெரியாது, தன்னை யாரும் அப்படி எழுதியதில்லை என்றார் திரேசம்மாள்.

மறுநாள் இருட்டோடு பாக்கியம் அம்மாள் களத்துக்கு வந்தபோது, நடுவில் ஒரு டோர்ச் வெளிச்சம் நின்றது. அது அவர் முகத்துக்கு நேரே திரும்பியது.

“மணியப் பாத்துக்க,” என்றது ஐயாவின் குரல். “நான் வந்து எவ்வளவு நேரம்.”

அந்தப் பெரட்டில் சம்பளம் இல்லை; பேரை எழுதிவைப்பாரும் இல்லை. வாயால் சொல்வதோடு சரி. ஆனாலும் ஒரு அரைப்பேருக்காக மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். களத்திலிருந்து லயங்களைத் தாண்டி, மேல்பிரிவுப் பாதையில் ஏறித் திரும்புவார்கள். ஆரம்ப நாட்களில் ஐயாவால் பாதி ஏற்றத்துக்கு மேல் முடியாது. மூச்சு வாங்குவதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பாதையோரத் தேயிலைச் செடியருகே நின்று, ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெண்களும் நின்று அதே இலையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் மூச்சு வேண்டியிருந்தது. அந்தச் செடி அந்த வட்டாரத்திலேயே அதிகம் பரிசோதிக்கப்பட்ட செடியாக இருக்க வேண்டும்.

முடிவில் எல்லோரும் நானா கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து சீனி போடாத தேத்தண்ணி குடிப்பார்கள். கை கழுவிக் காட்டிய பிறகே கோப்பை வரும். உள்ளங்கையைப் பற்றித் திரேசம்மாள் பாக்கியம் அம்மாளுக்குச் சொல்லியிருந்தார். பணிஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் பழசாகிக் கிடந்தது. ஐயா வருத்தக்காரராக இருந்தபோதுதான் தனக்கு யாவாரம் நன்றாக இருந்ததென்று நானா அவர் முகத்துக்கு நேரேயே குறைப்பட்டார். பிறகு அவித்த கடலை வைத்துப் பார்த்தார். அது நன்றாக விலைபோயிற்று.

கடினமாக இருந்தது மற்றவர்களின் வீடுதான். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடமாட்டார்கள்; அதில் சீனி குறைந்தால் மரியாதை குறைந்ததாகப் பொருள். ஒரு ஞானஸ்நான வீட்டில் ஐயா சீனி வேண்டாம் என்றார். வீட்டுக்கார அம்மாள் முகம் மாறிப்போய் உள்ளே போனார். தம் வீட்டில் சீனி தீர்ந்திருப்பதை ஐயா எப்படியோ அறிந்து, பெருந்தன்மையாக மறுக்கிறார் என்று நினைத்துவிட்டார். உண்மையிலேயே தீர்ந்துதான் இருந்தது. பக்கத்து லயக் காம்பராவில் ஒரு சுண்டு சீனி வாங்கி, அதில் பெரும்பங்கை ஐயாவின் கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. ஐயா கோப்பையையும் அந்த முகத்தையும் பார்த்தார். குடித்தார். மறுநாள் பெரட்டில் தன் பெயரைக் கூப்பிடுமுன்பே, “எனக்கு அரப்பேரு,” என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் நடந்தார். முந்திய ஐயாவாக இருந்தால், ஒருநாள் கெட்டது கெட்டதுதான் என்று அந்த மாதம் முழுவதையும் கெடுத்திருப்பார்.

ஆனால் ஒருமுறை உண்மையாகவே கைநழுவப் பார்த்தது. பேத்தியின் கல்யாணம் மொனராகலையில் நடந்தது. இரண்டு வாரம் அங்கே தங்கினார். வெயில், பலகாரம், பெரட்டு இல்லை. மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்து வேறு. திரும்பி வந்தவர் களத்துக்கு நேரத்துக்கு வந்தார். ஆனால் கடைசி ஆளாக நடந்தார். அன்று நானும் போயிருந்தேன். கடை வாங்கில் உட்கார்ந்ததும் பாக்கியம் அம்மாள் அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

“சப்பாத்தக் கழட்டுங்கய்யா.”

வயசாயிற்று, நடை மெதுவாகத்தான் இருக்கும் என்றார் ஐயா. பாக்கியம் அம்மாள் நகரவில்லை.

“வெரலு போனப்ப யாரும் பாக்கல. இப்ப நாங்க இருக்கோம்ல. கழட்டுங்க.”

ஐயா சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவர் அதட்டி வேலை வாங்கிய பெண்கள். அவர்கள் முன்னால் அவர் வெறுங்காலோடு நின்றதே இல்லை. நானா அடுப்படியில் வேலை இருப்பதுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டார். ஐயா குனிந்து, தானே கழற்றினார். காலுறை குதிகாலோடு ஒட்டியிருந்தது. அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், குதிகாலின் பின்புறத்தில், ஒரு புண். அவருக்கு அது வலிக்கவே இல்லை. பாக்கியம் அம்மாள் முந்தானையால் ஒருமுறை தன் வாயைத் துடைத்துக்கொண்டார். நானா அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புண் ஆறப் பல மாதங்கள் சென்றன. அந்த மாதங்களில் பெரட்டு அவர் வீட்டு வாசலில் கூடியது. ஐயா முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பேர் கொடுத்தார். உட்கார்ந்து கொடுக்கும் பேர் முழுப்பேரா, அரைப்பேரா என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை. கால் தப்பியது.

திரும்பவும் நடக்கத் தொடங்கிய முதல் நாளில் ஐயா ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார். நடந்து முடிந்ததும் எல்லோரும் பாதத்தைக் காட்ட வேண்டும். வயதான ஒருவருக்குத் தன் குதிகாலைத் தானே பார்ப்பது முடியாத காரியம். ஆனால் அடுத்தவர் குதிகாலைப் பார்க்கலாம். ஐயா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்பு கூடையில் கொழுந்தைக் கிளறிப் பார்த்ததுபோலவே ஒவ்வொரு காலாகப் பார்த்து வருவார். வெடிப்புக் கண்டால், இந்தக் கொழுந்து முத்தல், நிறுவைக்கு எடுபடாது என்பார். பிறகு தன் காலை நீட்டுவார். அதைப் பாக்கியம் அம்மாள் பார்ப்பார். அவர் ஐயாவைவிடக் கறார். பஸார் ஆட்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வருடம் போவதற்குள் நானாவும் கடலைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாங்கில் காலைத் தூக்கி வைத்தார்.

இத்தனை வயதுக்கு மேல் ஒரு மனிதர் இவ்வளவு மாற முடியுமா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். அதைப் பத்திரிகைக்கு எழுத நினைத்திருந்தேன். அவர் மறுத்துவிட்டார்.

“தப்பா எழுதாதீங்க தம்பி. நான் மாறல. நான் அதே ஆளுதான். தனியா இருந்தா இப்பவும் பணிஸ் திம்பேன். அதான் தனியா இருக்குறதில்ல.”

நான் எடுத்த பேட்டிகளில் திருத்த வேண்டிய அவசியமில்லாத ஒன்று அது.

அந்த விரல் போன பிறகு அவர் பதின்மூன்று வருடம் நடந்தார். முன்பு அவரை வைததற்காக மன்னிப்புக் கேட்க வந்த பெண்கள் இருந்தார்கள். வைதது நியாயம்தான் என்று அவர் சொல்லியனுப்பினார். அவரோடு நடந்தவர்களில் சிலர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். புதிதாக ஓய்வுபெற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஐயாவின் அரைப்பேர்கள் குறைந்து, பின்பு இல்லாமலே போயின. அதில் பாக்கியம் அம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அடக்கத்தன்று வீட்டில் நல்ல கூட்டம். பெட்டியில் ஐயா வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அணிந்து, பளபளக்கும் சப்பாத்துடன் கிடந்தார். பெட்டியை மூடப்போகும்போது பாக்கியம் அம்மாள் திரேசம்மாளின் காதில் ஏதோ சொன்னார். திரேசம்மாள் தலையசைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றும்படி, சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரரிடம் சொன்னார். அவர் திகைத்துப்போய், ஏதாவது பொலிஸ் விவகாரமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இல்லை என்றேன்.

சப்பாத்தும் காலுறையும் கழன்றன. பெரட்டில் வந்தவர்கள் பெட்டியின் கால்மாட்டில் கூடினார்கள். பாக்கியம் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் இடது பாதத்தையும் பிறகு வலது பாதத்தையும் பார்த்தார். குதிகாலை இலேசாகத் தூக்கிப் பார்த்தார். விரல்களின் இடுக்குகளைப் பார்த்தார். அவசரப்படவில்லை. பாதிரியாரும் காத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு கீறல் இல்லம்மா,” என்றார் திரேசம்மாளிடம். “சுத்தமா இருக்கு. போடுங்க.”

மலர்ச்சாலைக்காரர் சப்பாத்தை எடுத்தார். திரேசம்மாள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். சப்பாத்தைக் கவிழ்த்து, உள்ளே கல் ஏதும் கிடக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கால்களுக்கும் மாட்டி, ஏற்றத்தில் அவிழ்ந்துவிடாதபடி நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினார்.

போய் வாருங்கள், ஐயா.